வால்வுச் சக்கரத்தில் ஒரு பொட்டு

"சாயந்தரத்துக்குள்ள லயத்து வீட்டக் காலி பண்ணணும்னு கடிதம் குடுத்துட்டாங்க. மூணு புள்ளைகளோட நான் எங்க போவேன்?"

அப்புத்தளைத் தோட்டமொன்றிலிருந்து முதல் பஸ்சில் பதுளைக்கு வந்திருந்தாள் நேசராணி. ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் மொஹிதீன் பொறுமையாகக் கேட்டார். மருமகன் பஸீல் அதற்குள் ஆட்டோவைக் கிளப்பிவிட்டான். அவனுக்கு எதிலும் அவசரந்தான்.

அவளது கணவன் இராயப்பன், தோட்டத்து லொறி கராஜில் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்குப் பொறுப்பு. கழிவுத் தண்ணீர் அதற்குள் மெதுவாகப் போனால்தான் எண்ணெய் மேலே மிதந்து தங்கும். அடித்தண்ணீர் மட்டும் ஓடைக்குப் போகும். வால்வைக் கால்வாசிக்கு மேல் திறக்கவே கூடாது. ஆயுதபூஜையன்று அது முழுக்கத் திறந்து கிடந்தது. எண்ணெய் கலந்த ஓடைத் தண்ணீரைக் குடித்த ஆறு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில். பழி இராயப்பன் தலையில் விழுந்தது.

கராஜில் தோட்ட மேலாளரான பெரிய தொரையும் தலைமை மெக்கானிக் இராசையாவும் காத்திருந்தார்கள்.

"அன்னைக்கு சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஓடைக்குப் போற வாய அடைச்சிட்டு, வால்வ தெறந்தபடி அப்படியே சங்கிலி போட்டுப் பூட்டினேன். யாரும் தொடல" என்றார் தொரை.

"இராயப்பன் அன்னைக்குக் காலைல ஆறு மணி பஸ்சுக்கு மொனராகலை போனான்" என்றார் இராசையா. "ஏழுக்கு நான் வந்து பாக்குறேன், முழுசாத் தெறந்து கெடக்கு. பூஜை அவசரத்துல மூட மறந்துட்டேங்க."

"அப்ப அவன்தான், மாமா" என்று பஸீல் கிசுகிசுத்தான். மொஹிதீன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். அதன் அடிப்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

"இந்தப் பொட்டு யாரு வச்சது?"

"நான்தாங்க. பத்து மணிப் பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் வச்சேன்" என்றார் இராசையா.

"சக்கரத்துல எந்த எடத்துல வச்சீங்க?"

"உச்சியிலதான். சாமி காரியத்தக் கீழயா வைப்பாங்க?"

"இப்ப கீழ இருக்கே, இராசையா. ஏழு மணிக்கே முழுசாத் தெறந்திருந்தா, பத்து மணிக்கு வச்ச பொட்டு உச்சியிலயே இருந்திருக்கும். அதுக்குப் பொறகுதான் சக்கரம் திரும்பியிருக்கு. இராயப்பன் அப்ப மொனராகலையில. நீங்க ஏன் பொய் சொன்னீங்க?"

இராசையா தரையில் உட்கார்ந்துவிட்டார். "மத்தியானம் மூணு மணி மழையில தொட்டி நெறஞ்சு, தண்ணி படையல் வரைக்கும் ஏறிருச்சுங்க. சாமி படம் நனையுதேன்னு வால்வ முழுசாத் திருப்பிட்டேன். புள்ளைக ஆஸ்பத்திரிக்குப் போனதும் பயந்துட்டேன். வேலை போனா லயமும் போயிருமே."

"எங்க லயம் போனாப் பரவாயில்லையா, அண்ணே?" நேசராணிக்கு அழுகை வெடித்தது.

தொரை வெளியேற்றும் கடிதத்தைக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"எனக்கும் சாயந்தரம் வரைக்குந்தானாங்க?" என்று கேட்டார் இராசையா.

தொரை ஆபிஸ் பக்கம் நடந்தார்.