கூடத்துக்குள் காலணித் தடம்

உட்காரச் சொல்லும்வரை மருந்துக்கடைக்காரம்மா காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

"எங்கம்மா சாவுக்கு யார் காரணம்னு எனக்குத் தெரியும். அதை நீங்க நிரூபிச்சுக் கொடுத்தாப் போதும்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரை அந்த வட்டாரத்தில் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் அழைத்தார்கள். விபத்துக் காப்பீட்டு விசாரணையிலேயே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒத்தாசைக்கு அவர் மனைவியின் தம்பி. அவர் ஒரு காலத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர். மைத்துனர் வாயைத் திறந்தால் முடிவோடுதான் திறப்பார். காரணங்கள் பின்னால் மூச்சிரைக்க ஓடிவர வேண்டும்.

"யாரும்மா அது?" என்று மைத்துனர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என் தம்பி பொண்டாட்டி. நர்ஸு."

நிதானம் ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். "முதல்ல குடிங்க. அப்புறம் அம்மாவைப் பத்திச் சொல்லுங்க. சாவு இருக்கட்டும், அவங்க எப்படிப்பட்டவங்க?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். குரல் கொஞ்சம் தணிந்தது.

அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தரைத்தளத்து வீட்டில் தனியாக இருந்தார். அந்த வீட்டில் ஒரே சட்டம்: செருப்பு வாசலோடு சரி. "டாக்டரா இருந்தாலும் கழட்டணும். திருடன் வந்தாக்கூட, 'கழட்டிட்டு வாடா'ன்னுதான் சொல்லுவாங்க. நாங்க சின்னதுல இருந்தே அப்படி."

நர்ஸின் பிறந்த வீட்டில் வழக்கம் நேர்மாறு. அங்கே காலணியோடுதான் உள்ளே வர வேண்டும். வீட்டில் பிணம் கிடந்தால் மட்டும்தான் அந்தக் குடும்பத்தார் வெறுங்காலோடு நடப்பார்கள்.

"நமக்கு அது எங்கே தெரியும்? தம்பிக்குப் பெண் கேட்டுப் போன அன்னைக்கு, அம்மா மரியாதையா வாசல்ல செருப்பைக் கழட்டினாங்க. அந்த நர்ஸோட அப்பா ஓடிவந்து வழியை மறிச்சு, 'எங்க வீட்டுல எழவு விழுந்தாச்சா?'ன்னு கத்திட்டார். அம்மா ஒரு வார்த்தை பேசல. திரும்பி வந்துட்டாங்க. கல்யாணம் பதிவு அலுவலகத்துல நடந்தது. அந்த வாசலை எங்கம்மா அப்புறம் மிதிக்கவே இல்ல."

போன வாரம் ஒரு நாள் மதியம் நர்ஸ் இவரைப் போனில் கூப்பிட்டிருக்கிறாள். 'அண்ணி, அத்தை கால் மடங்கி விழுந்துட்டாங்க, உடனே வாங்க.' இவர் போனபோது அம்மா கூடத்தில் வெறுங்காலோடு கிடந்தார். ஜன்னல் திண்டின் கல் விளிம்பில் பின்தலை மோதியிருந்தது. மருத்துவர் வந்து, உயிர் உடனே போயிருக்கும் என்றார். விபத்து என்று எழுதிப் போலீசும் முடித்துவிட்டது.

"ஆனா இதைப் பாருங்க." கைப்பேசியில் ஒரு படம். பளபளக்கும் கருங்கல் தரையில், சிறிய சதுரப் புள்ளிகளாகக் காலணிக் குதியின் தடங்கள். மூலையில் கிடந்த நாற்காலியிலிருந்து ஜன்னல்வரை போயிருந்தன, திரும்பி வந்திருந்தன, மறுபடி போயிருந்தன. "அம்மா வீட்டுக்குள்ள காலணியோட வர்ற திமிர் வேற யாருக்கு இருக்கு? வந்து சண்டை போட்டிருக்கா. இங்கயும் அங்கயும் நடந்து நடந்து கத்தியிருக்கா. தள்ளிவிட்டாளோ, விழுந்தவங்களைப் பார்த்துக்கிட்டு நின்னாளோ! படத்தைக் காட்டிக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'என்கிட்ட எதுவும் கேட்காதீங்க அண்ணி'ங்கறா."

"உங்க தம்பி என்ன சொல்றார்?"

"அவன் கப்பல்ல எஞ்சினியர். அம்மா முகத்தைக்கூடப் பார்க்க முடியல. எல்லாத்தையும் போன்ல சொல்லிட்டேன். அவ போனை அவன் எடுக்கறதே இல்ல. நாளன்னைக்கு வந்து இறங்கறான். அதுக்குள்ள எனக்கு உண்மை வேணும்."

நிதானம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு மழைதானே?"

"காலையில இருந்து கொட்டுது."

"அம்மாவுக்கு உடை மாத்தினது நீங்களா? உடம்புல வேற காயம் இருந்ததா?"

"இல்ல. ரெண்டு குதிகால்லயும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாங்க, அவ்வளவுதான். ஏதாவது புதுச் செருப்பு கடிச்சிருக்கும்."

"சரி, வீட்டைப் பார்த்துடலாம்," என்று நிதானம் எழுந்தார்.

வீட்டு வாசலில் மூன்று பேரும் செருப்பைக் கழற்றினார்கள். சட்டம் போட்டவர் இல்லாவிட்டாலும் சட்டம் இருந்தது. நிதானம் செருப்புத் தட்டின் முன் குனிந்தார். தேய்ந்து பஞ்சாய்ப் போன ரப்பர் செருப்பு ஒரே ஒரு ஜோடி.

"அம்மாவுக்கு வேற செருப்பு உண்டா?"

"வருஷக்கணக்கா இதேதான். புதுசு வாங்கித் தரேன்னாலும் வேண்டாம்பாங்க."

சொன்ன பிறகு, தான் சொன்னது தனக்கே இடறியதுபோல் மருந்துக்கடைக்காரம்மா ஒரு கணம் தட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

கூடத்தின் நடுவில் ஒன்றும் இல்லை. சின்ன மேசை சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. கம்பளம் சுருட்டி, சோபாவுக்குப் பின்னால் சாத்தப்பட்டிருந்தது.

"நான் வரும்போதே எல்லாம் இப்படித்தான் இருந்தது. தரையைத் துடைச்சதோட சரி, வேற எதையும் தொடல."

மைத்துனர் துள்ளினார். "அத்தான்! மேசை நகர்ந்திருக்கு, கம்பளம் கலைஞ்சிருக்கு. கைகலப்பு நடந்திருக்கு!"

"சண்டை போடறவங்க கம்பளத்தை அழகாச் சுருட்டி, ஓரமா சாத்தி வெச்சுட்டா மச்சான் ஆரம்பிப்பாங்க?"

மைத்துனர் கம்பளத்தைப் பார்த்தார்.

எதிர்வீட்டுத் தையல்காரர் மழை நாட்களில் ஜன்னலோரம்தான் இயந்திரத்தைப் போட்டுக்கொள்வாராம். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது.

"அந்தப் பொண்ணு நனைஞ்சுக்கிட்டே வந்துச்சுங்க. மணி அடிச்சுது. கதவு திறக்கலன்னதும் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துச்சு. ஐயோன்னு ஒரு கத்து. தன்கிட்ட இருந்த சாவியைப் போட்டுத் திறந்துக்கிட்டு ஓடுச்சு. நானும் பின்னாடியே போனேன், உள்ள போக மனசு வரல. வாசல்ல அதோட செருப்பு ஒண்ணு படியில, ஒண்ணு கவிழ்ந்து தண்ணியில. அந்த அவசரத்துலயும் உதறிட்டுத்தான் போயிருக்கு. நான்தான் எடுத்து வெச்சேன்."

"அதுக்கு முன்னாடி யாராவது வந்தாங்களா?"

"காலையில இருந்து ஒரு ஈ காக்கா வரல."

"திரும்பி வெளியே வரும்போது கையில ஏதாவது இருந்ததா?"

"தோள்ல ஒரு துணிப்பை. வரும்போது துவண்டு கிடந்தது, அப்புறம் புடைச்சுக்கிட்டிருந்தது. நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருந்துச்சு."

மருந்துக்கடைக்காரம்மாவின் முகம் சிவந்தது. "பாத்தீங்களா? எதையோ எடுத்துக்கிட்டுப் போயிருக்கா!"

"ஆமா," என்றார் நிதானம். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. "அதை அவங்ககிட்டயே போய்க் கேட்டுடுவோம்."

நர்ஸின் வீடு மருத்துவமனைக்குப் பின்தெருவில், மாடியில் இருந்தது. அவளுடைய செருப்பு கதவுக்கு வெளியே சுவரோரமாக இருந்தது. கதவைத் திறந்தவள் நாத்தனாரைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள். ஒரு வாரமாகத் தூங்காத கண்கள். "வாங்க அண்ணி," என்றாள். அண்ணி அவளைத் தாண்டி உள்ளே போனார்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு நிதானம் கேட்டார். "நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

அவள் தரையையே பார்த்தாள்.

"சரி, நானே சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க." அவர் மருந்துக்கடைக்காரம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்க எடுத்த படத்துல சேறு இல்லம்மா. கொட்டற மழையில தெருவுல இருந்து வந்த காலணின்னா, தரையில தண்ணியாவது இருக்கும். இது குதி ரப்பர் கல்லுல உரசின காய்ஞ்ச தடம். அந்தக் காலணி அன்னைக்கு வெளியே போகவே இல்ல. இவங்க செருப்போ படியில கிடந்தது. அப்போ, அந்தத் தடம் இவங்களோடது இல்ல. வேற யாரும் வரவும் இல்ல."

"அப்ப வேற யாரு? வீட்டுல அம்மா மட்டும்தானே..." மருந்துக்கடைக்காரம்மா பாதியில் நிறுத்தினார்.

"உங்கம்மா குதிகால்ல பிளாஸ்திரி. வாசல்ல இருந்த பஞ்சுச் செருப்பு யாரையும் கடிக்காது. கடிச்சது வேற ஒண்ணு. அது வீட்டுல இல்ல. கம்பளத்தைச் சுருட்டினது, மேசையை நகர்த்தினது, எல்லாம் நடக்கறதுக்கு இடம் பண்ண. நாற்காலியில இருந்து ஜன்னலுக்கு, ஜன்னல்ல இருந்து நாற்காலிக்கு. கத்திச் சண்டை போடறவங்க இப்படி நேர்கோட்டுல நடக்க மாட்டாங்க. நடை பழகறவங்கதான் நடப்பாங்க."

மைத்துனர் மெதுவாகச் சொன்னார்: "கால் மடங்கி..."

"அதேதான். இவங்க போன்ல 'வழுக்கி விழுந்துட்டாங்க'ன்னு சொல்லியிருந்தா நான் யோசிச்சிருக்க மாட்டேன். 'கால் மடங்கி'ன்னு சொன்னாங்க. வெறுங்கால்ல, சமமான தரையில, யாருக்கும் கால் அப்படி மடங்காது. குதி உயர்ந்த காலணி போட்டாத்தான் மடங்கும். அதைப் பார்த்தவங்களுக்குத்தான் அந்த வார்த்தை வாயில வரும்." அவர் நர்ஸைப் பார்த்தார். "பையில எடுத்துக்கிட்டுப் போனது அதைத்தானேம்மா?"

அவள் எழுந்து உள்ளே போனாள். ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். திறந்தபோது பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி காலணி. அடிப்பாகத்தில் தெருவின் தூசியே படவில்லை. ஒன்றின் குதி மட்டும் ஒடிந்து தொங்கியது.

"எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததுல இருந்து அத்தை மாறிட்டாங்க," என்றாள் அவள். "அவர் தினமும் புலம்புவார். 'சம்பந்தியம்மாவை வாசல்ல வெச்சுப் பேசிட்டேனே, ஒரு தடவை வரச் சொல்லும்மா'ன்னு. நான் அத்தைகிட்ட சொல்லவே இல்ல. அவங்களா ஒருநாள் கேட்டாங்க. 'உங்க வீட்டுக்குள்ள எந்த மாதிரி காலணி போடுவாங்க?'ன்னு."

மருந்துக்கடைக்காரம்மா ஒடிந்த குதியைத் தொட்டுப் பார்த்தார்.

"கழட்டிட்டே வாங்க அத்தை, இப்ப அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்னேன். 'நோயாளி படுத்திருக்கிற வீட்டுல, அவர் கண்ணு முன்னாடி, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி வெறுங்காலோட நிக்கவா? நான் படிச்சவடி'ன்னாங்க. தட்டையா வாங்கலாம்னு எவ்வளவோ சொன்னேன். 'உங்கம்மா பனைமரம் மாதிரி இருக்காங்க. பக்கத்துல நான் குட்டையா நிக்கணுமா?'ன்னு சிரிச்சாங்க. வெளியே நடந்து பழகினா எல்லாரும் பார்ப்பாங்கன்னு வீட்டுக்குள்ளயே... வீட்டுக்குள்ள காலணி போட்டதுக்கு எவ்வளவு கூச்சம் தெரியுமா? முதல் நாள் கதவைச் சாத்திட்டு, திரையை இழுத்துவிட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தாங்க."

"அன்னைக்கு?" என்று நிதானம் கேட்டார்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே தனியா ஆரம்பிச்சிருக்காங்க. வெளிச்சத்துக்காகத் திரையைத் திறந்து வெச்சிருந்தாங்க. நான் தொட்டுப் பார்க்கும்போது சூடு இருந்தது, உயிர் இல்ல. எத்தனையோ பேரைப் பார்த்த கை இது, தெரிஞ்சுடுச்சு. ஊரே வந்து நிக்கப்போகுது. அத்தை அவங்க வீட்டுக்குள்ள காலணியோட கிடக்கறதை யாரும் பார்க்கக் கூடாதுன்னு கழட்டினேன். வேற எதுவும் எனக்குத் தோணல."

"என்கிட்ட ஏன் சொல்லல?" மருந்துக்கடைக்காரம்மாவின் குரல் உடைந்திருந்தது. "உன்னைக் கொலைகாரின்னு அவன்கிட்ட சொன்னேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்ல? நான் வாங்கிக் கொடுத்த காலணி. நான் முந்தின பஸ்ஸுல வந்திருந்தா கையைப் பிடிச்சிருப்பேன். நீங்க சொன்னதுல என்ன தப்புன்னு தோணிடுச்சு அண்ணி." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஞாயித்துக்கிழமை வர்றதா இருந்தாங்க. அப்பாகிட்ட இன்னும் சொல்லல. சட்டையை மாத்திவிடச் சொல்லி, வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார்."

தெருவில் ஒரு வண்டி ஒலி எழுப்பிக்கொண்டு போயிற்று.

"அம்மா ஏன் என்கிட்ட மறைச்சாங்க?" மருந்துக்கடைக்காரம்மா இப்போது நிதானத்தைக் கேட்டார். துப்பறிகிறவருக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்பதுபோல.

அவர் நர்ஸின் பக்கம் பார்த்தார். நர்ஸ்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "'அவ கோபப்படுவா, போயிட்டு வந்து மெதுவா சொல்லிக்கலாம்'னாங்க. 'எனக்காகத்தான் அவ அந்தக் கோபத்தை இன்னும் வெச்சுக்கிட்டிருக்கா, பாவம்'னாங்க."

மருந்துக்கடைக்காரம்மா அழவில்லை. அம்மா இறந்த நாளிலிருந்தே அவர் அழவில்லை. கோபம் அதற்கு இடமே கொடுக்கவில்லை. கைப்பேசியை எடுத்தார். இணைப்புக் கிடைக்க நேரமாயிற்று. மறுமுனையில் எஞ்சின் இரைச்சல் கேட்டது.

"தம்பி, நான் உன்கிட்ட சொன்னது எல்லாம் தப்பு. ஒண்ணு விடாம தப்பு. இவ ஒண்ணும் பண்ணல. அம்மா... அம்மா இவங்க வீட்டுக்குப் போறதா இருந்தாங்கடா." மேலே பேச வரவில்லை. கைப்பேசியை நர்ஸின் கையில் திணித்தார்.

அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கமும் பேச்சில்லை. வெறும் எஞ்சின் சத்தம், அதற்கு நடுவே ஒரு ஆண் மூச்சு வாங்கும் சத்தம். அவள் உதடு இரண்டு முறை திறந்து மூடியது. அம்மாவைப் பற்றியும் சொல்லவில்லை. தன்னைப் பற்றியும் சொல்லவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் கடைசியில்.

அதைக் கேட்டதும் மருந்துக்கடைக்காரம்மா நாற்காலியிலிருந்து தரைக்குச் சரிந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.