சராசரியில் அழியாதது

நவம்பர் 12, புதன்

நேற்று தவறாக எழுதிவிட்டேன். திரை துடிப்பதற்கு ஃபிரிட்ஜ் மோட்டார்தான் காரணம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். இன்று ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். திரை அப்படியேதான் துடித்தது. பால் கெட்டுப்போனதற்கு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

மாலை நேர எலக்ட்ரானிக்ஸ் வகுப்புக்காக நான் செய்யும் திரை இது. கண்ணாடிக்குள்ளேயே, புள்ளிக்குப் புள்ளி, வெளிச்சத்தை உணரும் சென்சார்கள் இருக்கின்றன. அறை இருண்டால் திரையும் தானாக மங்க வேண்டும். குட்டியின் தொட்டிலுக்கு எதிர்ச்சுவரில், என் கண் உயரத்தில் மாட்டியிருக்கிறேன். அக்கா மகள் குட்டிக்கு ஆறு மாதம். இப்போதுதான் குப்புறக் கவிழப் பழகியிருக்கிறாள். திரையின் மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவாள். ஆனால் சில நாட்களாக, யாரோ குறுக்கே போனதுபோல் அது சட்டென்று மங்குகிறது. யாரும் போவதில்லை.

"உன் திரைக்குப் பேய் பிடிச்சிருக்குடா," என்றாள் அக்கா.

"பேய் இல்லக்கா. இரைச்சல்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"கேக்கற இரைச்சல் இல்ல, கரண்ட்ல வர்ற இரைச்சல்."

"அப்படியா? உன் மண்டையிலிருந்து வருதுன்னு நெனச்சேன்."

ஷாக் சார் இன்று வகுப்பில் வழி சொன்னார். (முதல் நாளே எங்கள் கண்முன் ஷாக் அடித்து உட்கார்ந்தவர், பெயர் ஒட்டிக்கொண்டது.) படம் வரையும் ஒயர்களும் சென்சார் ஒயர்களும் ஒன்றை ஒன்று உரசுவதுபோல் ஓடுகின்றன, அது கத்தினால் இது நடுங்கும். அதனால் ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், திரை மூச்சு வாங்கும் அந்தத் துளி நேரத்தில் மட்டும் சென்சாரைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தவற்றையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

"அலையிறதெல்லாம் அழிஞ்சிடும்," என்றார். "நிக்கிறது மட்டும் நிக்கும்."

நவம்பர் 13, வியாழன்

சார் சொன்னபடியே செய்தேன். இரைச்சல் பெரும்பாலும் போய்விட்டது. சென்சார்கள் கண்டதை என் அறையிலுள்ள லேப்டாப்பில் படமாகப் பார்த்தேன். நடுவில் ஒரு கறை. நீளமாக, மேலே குறுகி, கீழே அகன்று.

மாலை முழுக்க அக்காவும் நானும் அந்த அறைக்குள் போய்வந்துகொண்டுதான் இருந்தோம். எங்கள் நிழல்கள் சராசரியில் கரைந்துவிட்டன. இது கரையவில்லை.

கண்ணாடியைத் துடைத்தேன். கறை போகவில்லை. திரையைக் கழற்றித் தலைகீழாக மாட்டி, லேப்டாப்பில் படத்தையும் அதற்கேற்பத் திருப்பினேன். கோளாறு கண்ணாடியில் இருந்தால் கறையும் தலைகீழாகும் அல்லவா?

கறை நிமிர்ந்தே நின்றது.

எங்கோ கணக்குத் தப்பியிருக்கிறேன். வழக்கம்போல.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் பார்த்தபோது கறையின் விளிம்பு நேற்றைவிடக் கூர்மையாக இருந்தது. தோள் எது, கழுத்து எது என்று தெரிந்தது. இரைச்சல் இன்னும் குறைந்திருக்கிறது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது: நேற்றிலிருந்து நான் எதையும் மாற்றவில்லை.

மாலை வகுப்பில் சாரிடம் கேட்டேன். "எதையும் மாத்தாம படம் எப்படி சார் தெளிவாகும்?"

"அதுல லென்ஸ் கிடையாதுப்பா. தூரத்துல இருக்கறது கலங்கலாத்தான் விழும். கிட்ட வந்தா விளிம்பு தெரியும். ஒட்டிக்கிட்டா அச்சு மாதிரி விழும். எதையோ கிட்ட கொண்டு போயிருக்கே."

"நான் கொண்டு போகல சார்."

"அப்ப அதுவா வந்திருக்கும்," என்று சிரித்தார்.

பையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தேன். வீடு வழக்கம்போல்தான் இருந்தது. சமையலறையில் குக்கர் சீறிக்கொண்டிருந்தது, குழாய் சொட்டியது, குட்டியின் அறையிலிருந்து பவுடர் வாசனையும் அதற்கு அடியில் வெகுநாள் திறக்காத அலமாரியைத் திறந்தாற்போல் ஒரு புழுங்கல் வாடையும் வந்தன. மஞ்சள் வெளிச்சம் தரையில் துடிப்பில்லாமல் கிடந்தது. குட்டி தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தேன். நான் வகுப்பில் இருந்த நேரத்துப் பதிவைத் திறந்தேன்.

கறை இல்லை. ஒரு கை.

விரிந்த உள்ளங்கை. கண்ணாடியோடு ஒட்டி. ஐந்து விரல்கள், ஒவ்வொன்றும் ஒரு கணு அதிகமாக.

அதன் பக்கத்தில் இன்னொரு கை.

மிகச் சின்னது.

ஐந்து விரல்கள். மடிப்பு மடிப்பான மணிக்கட்டு. என் கண் உயரத்தில்.

"அக்கா." குக்கர் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "அக்கா, குட்டியத் தூக்கினியா?"

"நீ போனதுலிருந்து தூங்குறா. நான் அந்தப் பக்கமே போகல. ஏன், அழுதாளா?"

"இல்ல. அழல."

ஒரு நொடி தூக்கிக் காட்டியிருந்தால் அந்தக் கை சராசரியில் கரைந்திருக்கும். இது கரையவில்லை. அது அவளை வெகுநேரம் அசையாமல் தூக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. அவளும் அசையாமல் இருந்திருக்கிறாள்.

இப்போதே போய்விடலாம் என்றேன். "கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு இந்நேரத்துல எங்கடா போறது? காய்ச்சலா உனக்கு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்து போய் என் அறைக் கதவைத் தாழிட்டாள்.

மூவரும் உள்ளே இருக்கிறோம். குட்டி எங்கள் நடுவில். திரையை அணைக்கவில்லை, அது எங்கே நிற்கிறது என்று காட்ட வேறொன்றும் இல்லை. சற்றுமுன் புதிய பதிவு வந்தது. கறை இல்லை, கை இல்லை, இரைச்சல் இல்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை வெறும் வெளிச்சம். இவ்வளவு சுத்தமான பதிவு இதுவரை வந்ததே இல்லை.

அது சுவரை விட்டு நகர்ந்துவிட்டது.

நாளைய வேலை: விடிந்ததும் கதவைத் திறப்பது. முதலில் நான் மட்டும் வெளியே போவது.