உதிர்வு போட்ட படம்

படத்தில், மூக்குக்குக் கீழே மறுபடியும் வெள்ளை பூத்திருந்தது. பிலிப்புவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரக்காற்றில் ஸ்பிறே அடித்தால் பூச்சு வெளுக்கும் என்பது அவனுக்குத் தெரியாததா? அதற்காகத்தானே கடல்பக்க யன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழைய பேப்பரைத் திணித்து, காற்றாடியையும் நிறுத்திவிட்டு, நெடி தொண்டையை அறுக்க, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்க, வேலணை ஸ்ரூடியோவின் பின்னறையில் மத்தியானத்திலிருந்து இந்தப் படத்தோடு மல்லுக்கட்டுகிறான். வெளுத்தால் படம் முழுக்க வெளுக்கவேண்டும். இதென்ன, மூக்கடியில் மட்டும்?

படத்தில் இருந்தவன் மண்கும்பான் றஜீபன். போன வருடம் கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. நாளைக்கு ஆண்டுப் பூசை. அடையாள அட்டைக்கு எடுத்த, வாய் இறுக மூடிய படத்தைத் தமையன் பத்திநாதர்தான் பெருப்பிக்கக் கொடுத்தார்.

“மலர்வு, உதிர்வு ரெண்டு திகதியையும் போட்டுவிடும். உதிர்வு போட அவன்ரை மனிசி விடாள். அவளைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது.”

போட்டாயிற்று. முகத்துக்குக் கீழே, அவன் கடலுக்குப் போன திகதி உதிர்வாகிக் கறுத்துக் கிடந்தது. பூச்சு இல்லாவிட்டால் உப்புக்காற்றில் மை கசிந்துவிடும். சண்டையில் பாதை பூட்டின பிறகு கடைகளில் பூச்சு மருந்துக்கும் கிடைப்பதில்லை. கையிலிருந்தது கடைசி ஸ்பிறே ரின். அந்த எரிச்சல் வேறு.

மெல்லிய துணியால் ஒற்றினான். துணி நனையவில்லை. வெள்ளை பூச்சுக்கு மேலே இல்லை. உள்ளே.

சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது. முகம் பார்க்கும் கண்ணாடியில் மூச்சுப் படிவது போல. பிலிப்பு தன் மூச்சை அடக்கிப் பார்த்தான். அது நிற்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. றஜீபனின் மனைவி மேரிசுகந்தி.

“பிலிப்பண்ணை, உதிர்வு போட்டிட்டியளோ?”

“இன்னும் இல்லைத் தங்கச்சி.” பொய் தானாக வந்தது.

“போடாதேங்கோ. அவர் உயிரோடை இருக்கிறார். ஒருக்காப் பாத்திட்டுப் போறன்.”

“பூச்சுக் காயேல்லை. வெளியிலை இரும்.”

தாழ்ப்பாளைப் போட்டான். திகதியை மட்டும் வெட்டி எறியலாம். எறிந்தால் பத்திநாதர் ஊரைக் கூட்டுவார். வைத்தால் இவள் அழுவாள். இடையில் இந்த வெள்ளை, இந்தச் சனியன்! அதைப் பார்க்காமல் ரின்னைத் துழாவி எடுத்தான். பயமென்று ஒப்புக்கொள்ள அவனுக்கு மனமில்லை. ரின்னைக் குலுக்கி மூக்குக்கு நேரே பிடித்து அழுத்தினான்.

வெள்ளை படபடத்தது. பெரிதாக. சின்னதாக. வேகமாக.

அழுத்தினான்.

ரின் சீறி ஓய்ந்தது. வெள்ளை இல்லை. சுத்தமான, தெளிந்த மினுக்கம். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. பெருமையாகக்கூட இருந்தது. சரிவாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

மூடியிருந்த வாய் அகலத் திறந்திருந்தது. நாக்கு பூச்சின் உட்புறத்தில் ஒட்டி நசிந்து கிடந்தது.

கதவுக்கு வெளியே மேரிசுகந்தி கேட்டாள்.

“அண்ணை, காய்ஞ்சிட்டுதோ? நான் இப்ப பாக்கட்டோ?”