போன வருஷத்துக் கேக்

டிசம்பர் பிறந்தும் தெருவில் ஒருவரும் புது நட்சத்திரம் கட்டவில்லை. போன வருஷத்து நட்சத்திரங்களே வெயிலில் வெளிறி, மழையில் கிழிந்து, வாசல்தோறும் தொங்கிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டுக் குடிலின் வைக்கோலில் எலி குட்டி போட்டிருந்தது. பாலகன் இயேசுவின் பக்கத்தில் நெளிந்த அந்தச் சிவப்புக் குட்டிகளைக் கண்டு தவசீலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஹேப்பி கிறிஸ்மஸ், மதினி!" என்றாள் எதிர்வீட்டு எப்சி. ஜனவரியிலிருந்து தினமும் இதே சிரிப்பு.

"ஏட்டி, குடில்ல எலி கெடக்கு."

"கெடந்துட்டுப் போட்டும். அதுவும் கிறிஸ்மஸ் கொண்டாடுது மதினி."

எப்சியின் காதுக்குப் பின்னால் தொய்வுநீக்கி பச்சையாக மினுங்கியது. பொட்டளவே உள்ள கருவி. கிறிஸ்மஸ் மாலையில் மனம் எப்படிப் பொங்கியிருந்ததோ அதை அப்படியே பதிந்துகொண்டு, மனம் தொய்யும்போதெல்லாம் திரும்ப ஊட்டும். விருந்தாளிகள் போனபின் வீடு வெறிச்சென்று கிடக்கும் இரண்டு மூன்று நாளைத் தாண்டத்தான் அதைச் செய்தார்கள். தாண்டியபின் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. வருத்தம் வந்தால்தானே தோன்றும்? பக்கத்துவீட்டுச் செல்லக்கனியின் புருஷன் செத்த வீட்டிலும் காகிதத் தொப்பியோடு நின்றார்கள். செல்லக்கனியே தலைமாட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தவசீலி எழுந்து போகவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் சேர்த்து அழுதுவிட்டுத்தான் வந்தாள்.

தவசீலி அதை ஒட்டிக்கொள்ளவே இல்லை. கிறிஸ்மஸ் முடிந்து மகன் ரூபேஷ் பெங்களூருக்குப் பஸ் ஏறிய மறுநாளெல்லாம், அவன் தலையணை உறையைத் துவைக்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு அழுவாள். அந்த அழுகையை ஒரு பொட்டுக்கு விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை. ரூபேஷ் ஒட்டிக்கொண்டான். வருஷா வருஷம் பஸ் ஜன்னலில் கண்ணைத் துடைப்பவன், போன தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீடியோவில் வந்தான்.

"எப்பல வார?"

"எங்கம்மா?"

"எங்கயா? கிறிஸ்மஸுக்குல."

"போன கிறிஸ்மஸே இன்னும் முடியலையேம்மா! எதுக்கு இன்னொண்ணு?"

அவன் சிரிப்பில் கொஞ்சமும் வஞ்சமில்லை.

"இங்க பாரேன், நீ குடுத்துவிட்ட கேக்கு" என்று ஒரு டப்பாவைத் திறந்து காட்டினான். மேலே பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை மயிர்போல் நின்றது. விரலால் தோண்டி எடுத்தான். பிசின்போல நூல் இழுத்தது. வாயில் போட்டுச் சப்பினான். "அதே ருசிம்மா!"

"துப்புல! துப்பு!"

எவ்வளவு கத்தினாலும் அவனுக்குச் சிரிப்புதான். ஆண்டவரே என்று கண்ணை மூடித் திறந்தாள். குரலைத் தணித்தாள்.

"மக்கா, ஒரு நிமிஷம் அதைக் கழட்டு. அம்மா கேக்கேம்லா."

"கழட்டினா என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது. எனக்காகக் கழட்டேன்."

சின்ன வயதில் கசப்பு மருந்துக்கு வாயைத் திறப்பானே, அதே மாதிரி, மறுபேச்சில்லாமல் காதுக்குப் பின்னால் கையை விட்டான்.

முதலில் சிரிப்பு போயிற்று. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். ஓங்கரிக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது அந்த வருஷம் மொத்தமும் அவன் முகத்தில் இறங்கியிருந்தது.

"எம்மா... பஸ்ஸ்டாண்டுல நீ நின்னுட்டே இருந்தியே. நான் பாக்கவே இல்லையே."

"சரில, விடு."

"தாங்க முடியலம்மா." அவன் விரல்கள் மேசைமேல் கிடந்த அந்தப் பொட்டைத் தேடின.

"முடியாதுதான். இருந்தாலும் ஒட்டாத. நான் போனை வைக்க மாட்டேன், கூடவே இருக்கேன்."

விரல்கள் பொட்டைத் தொட்டன. அங்கேயே நின்றன. பிறகு கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் ஏங்கி ஏங்கி அழுதான். அந்தச் சத்தத்துக்காகத் தவசீலி ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

"இன்னைக்கே கெளம்பட்டுமாம்மா?"

"அதைப் பொறவு பேசுவோம். மொதல்ல போயி வாயக் கொப்புளில."