எஞ்சின் இல்லாத கார்

ஷட்டரைத் தூக்கியதும் ரஞ்சித்குமாரின் கண் நேராக அந்த எலுமிச்சம்பழத்தில்தான் போய் விழுந்தது. நான்கு சக்கரங்களுக்கு முன்னால் வைத்த நான்கு பழங்களில் மூன்று குங்குமம் கலையாமல் அப்படியே இருந்தன. முன்பக்க இடது சக்கரத்தின் பழம் மட்டும் தோல் பிதுங்கி, விதை தெறித்து, சிமெண்டுத் தரையோடு அப்பிக்கிடந்தது. எலி கடித்திருக்கும் என்று குனிந்து பார்த்தான். எலி கடித்தால் டயரின் வரி எப்படிப் பதியும்?

வண்டி வாங்கினால் பூசை போட்டு, பழத்தின் மேல் ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் ரோட்டில் இறக்குவார்கள். இந்தக் காரை ஏற்ற வழியில்லை. எஞ்சின் வெடித்துப்போன கார். எஞ்சினும் அதோடு சேர்ந்த கியர்பாக்ஸும் கழற்றப்பட்டு ஷெட்டின் மூலையில் இரும்பு ஸ்டாண்டின் மேல் கிடந்தன. "பழத்த வெச்சிட்டுப் போறேன், எஞ்சின் வந்தப்புறம் நீயே ஏத்திக்கோ" என்று அவன் மனைவி கீர்த்தனாதான் முந்தின நாள் செங்கல்பட்டு வீட்டிலிருந்து வந்து கற்பூரம் காட்டிவிட்டுப் போனாள். ஷெட்டின் சாவி அவனிடம் மட்டுமே இருந்தது. சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்த மரக்கட்டைகள் வைத்த இடத்திலேயே இருந்தன.

சாக்குத் துணியால் அதை வழித்துத் தூர எறிந்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவனுக்கு இப்போது கைவந்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, அழகான கார். இத்தாலிக்காரன் செய்தது. இடுப்பளவுகூட உயரம் இல்லை, உட்கார இரண்டே பேருக்கு இடம், எஞ்சின் முதுகுக்குப் பின்னால். தரகன் ஜெபக்குமார்தான் கொண்டுவந்து இறக்கினான். "பீச் பங்களாப் பையன் ஒருத்தன் ஈசிஆர்ல பறக்க வுட்ருக்கான் மச்சான், வெடிச்சிகிச்சி. வந்த வெலைக்குத் தள்ளிட்டு ஃபாரின் போறான். எட்த்துக்கோ. எதையும் நோண்டாத." விலையைக் கேட்டதும் ரஞ்சித்குமாருக்குக் காது அடைத்துக்கொண்டது, அத்தனை மலிவு. திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகும் சாலையில் ஷெட் போட்டு, குட்டியானை லோடு வண்டிக்கும் டிராக்டருக்கும் கிளட்ச் மாற்றியே காலத்தை ஓட்டியவன் அவன். இந்த ஒரு காரை எழுப்பி ஓட்டிவிட்டால் சென்னையிலிருந்து பெரிய வண்டிகளெல்லாம் அவன் பெயரைக் கேட்டு வரும். நோண்டாதே என்று ஒருவன் ஏன் சொல்கிறான் என்று அவன் யோசித்திருக்க வேண்டும். ஆசை எங்கே யோசிக்க விட்டது?

நோண்டாமல் மெக்கானிக் வேலை உண்டா? முன் பம்பரின் இடது பக்கம் காற்றை உறிஞ்சும் வாய் ஒன்று இருந்தது. வலையைக் கழற்றியபோது உள்ளே பச்சைப் புடவைக் கிழிசல் சுருண்டு கிடந்தது. அதற்குள் ஒரு மெட்டி. வெள்ளி மெட்டி. தளர்ந்துபோன வளையத்தை இறுக்கச் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

அந்த நூலை அவனுக்குத் தெரியும். மீன்காரி வச்சலாக்கா ஷெட் வாசலில் குந்தி உட்கார்ந்து அவனுக்கு மீன் அரிந்து கொடுக்கும்போதெல்லாம் பார்த்த கால்விரல் அது. "நூலச் சுத்திகினே இருந்தா எப்பிடிக்கா, புதுசா வாங்கு" என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறான். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு விடியற்காலையில் கூடையோடு கிளம்பியவள் வீடு திரும்பவில்லை. கரையோரம் போனவளை அலை இழுத்துவிட்டது என்று குப்பமே நம்பியது. அலை இல்லை, இந்தக் கார்.

போலீசுக்குப் போயிருக்கலாம். போனால் கேஸ் வண்டி. ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று, சீட்டுக்குள் செடி முளைத்து, கேஸ் முடிவதற்குள் இரும்புக்கடைக்குக்கூட ஆகாமல் போகும் வண்டிகளை அவன் எத்தனை பார்த்திருக்கிறான்! போனவள் போய்விட்டாள், இனிமேல் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கிழிசலையும் மெட்டியையும் கழிவு ஆயில் பேரலுக்குள் போட்டான். கருப்பு எண்ணெய் ஒரு முறை விலகி மூடிக்கொண்டது.

பழம் நசுங்கிய நாளிலிருந்து சத்தம் ஆரம்பித்தது.

டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டிக். டிக். மழை விட்ட மத்தியானத்தில், தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீருக்கும் தூரத்தில் பஸ் போகும் இரைச்சலுக்கும் நடுவே அதைக் கேட்ட ரஞ்சித்குமார் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். மெக்கானிக் காதுக்கு அது தெரியாத சத்தமா? நெடுந்தூரம் விரட்டி ஓட்டிவந்த வண்டியை நிறுத்தினால், சூடேறிய இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக ஆறி அடங்கும்போது வரும் சத்தம். பின்பக்க மூடியைத் தூக்கினான். எஞ்சின் இருந்த இடம் வெறும் பள்ளமாக இருந்தது. அந்தப் பள்ளத்திலிருந்துதான் வந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். அனல் அடித்தது.

அன்றைக்கு வீட்டில் கீர்த்தனா அவன் சட்டையை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இன்னாய்யா இது, இம்மாம் மீன் கவுச்சி அடிக்கிது? கார் வேலை பாக்கறியா, மீன் கூடை தூக்கறியா?" கேலியாகத்தான் கேட்டாள். பிறகு அவளே சொன்னாள், "பாவம், வச்சலாக்கா இருந்தா இந்நேரம் சங்கரா மீனு குட்த்திருப்பாங்க." அவன் சோப்புப் போட்டு, சீயக்காய் போட்டு, மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்தான். ஆயில் போயிற்று. கவுச்சி போகவில்லை.

வச்சலாவின் புருஷன் தேசப்பன் ஷெட்டுக்கு வந்தது ஒரு சாயங்காலம். மழை பிடித்து, கரண்டும் போயிருந்தது. மீன் ஏற்றும் அவர் குட்டியானை கிளட்ச் வேலைக்காக ஷெட்டில் நின்றது. சட்டைப் பையில் பாலிதீன் உறைக்குள் மனைவியின் போட்டோ. பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிக் காட்டி அதன் ஓரம் மடங்கியிருந்தது.

"வண்டி நாளைக்கி ரெடியாயிடும் அண்ணாத்த" என்றான் ரஞ்சித்குமார், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"ஆவட்டும் தம்பி. வண்டிய எட்த்துகினு எங்க போவப் போறேன்? கூடை ஏத்த அவ இல்ல." தேசப்பன் வேட்டி நுனியால் தலையைத் துவட்டினார். "கடலு ஆளை வெச்சிக்காது தம்பி. எட்த்தா ரெண்டு மூணு நாள்ல கரைல போட்டுடும். எனக்கு மட்டும் இன்னும் போடல. காரியம் பண்ணுன்னு குப்பத்துல சொல்றாங்க. இன்னான்னு நெனச்சிப் பண்றது? எங்கனா உசுரோட கீறாளோ, பேரு மறந்து நிக்கிறாளோ... ஒடம்புகூட வாணாம் தம்பி. நான் பாத்தேன், அவ இல்லன்னு யாராச்சும் ஒருத்தன் சொன்னா போதும். நான் அழுதுட்டுப் படுத்துடுவேன்."

ரஞ்சித்குமாரின் கண் ஆயில் பேரல் பக்கம் போனது. ஒரே ஒரு வார்த்தை. பேரலில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. இருட்டில் காரின் வளைந்த முன்முகம் மட்டும் பளபளத்தது.

"கெடைப்பாங்க அண்ணாத்த" என்றான். "நல்லபடியா வந்துடுவாங்க."

தேசப்பன் அவன் கையைப் பிடித்து அமுக்கினார். கிளம்பும்போது இருட்டில் தடவித் தடவி நடந்தவர் காரின் மேல் கையை ஊன்றினார். நின்றார். காற்றை மோந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, வண்டி சுடுது? இப்பத்தான் ஓட்டினு வந்தியா?"

அவன் கீழே கிடந்த ஸ்பானரைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டான். அவர் இடுப்பிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்துக்கொண்டு, மழையில் இறங்கி, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

ரஞ்சித்குமார் உடனே ஜெபக்குமாருக்குப் போன் போட்டான். "வண்டி எனக்கு வாணாம்டா. துட்டு ஒண்ணும் தர வாணாம். இன்னிக்கே எட்த்துகினு போயிடு." தரகன் ஏதேதோ திட்டினான். கடைசியில், பழுதான வண்டிகளை ஏற்றிப்போகும் ரெக்கவரி லாரி பக்கத்தில்தான் இருக்கிறது, காரை வாசல் வரைக்கும் இறக்கி வை என்றான். ரஞ்சித்குமாருக்கு உயிர் வந்தது. கார் தொலைந்தால் எல்லாம் தொலையும். தேசப்பனிடம் அப்புறமாக, என்றைக்காவது, பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மரக்கட்டைகளை உதைத்து எடுத்தான். தள்ள ஆள் தேவையில்லை. தண்ணீர் ஓடுவதற்காக ஷெட்டின் தரையைச் சாலைப் பக்கம் சரித்துத்தான் போட்டிருந்தான். உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தான். கார் மெதுவாக உருண்டது. வாசல் வந்தது. பிரேக்கை மிதித்தான்.

கல்லை மிதித்த மாதிரி இருந்தது. எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் கனமாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி மிதித்தான். கார் வாசலைத் தாண்டியது. ஸ்டியரிங் அவன் கைக்குள் தானாகத் திரும்பியது. மாமல்லபுரம் பக்கம். பஸ் ஸ்டாப் பக்கம்.

சரிவு முடிந்தது. இரண்டு பக்கமும் நீர் நின்ற வயல். நடுவே தட்டையான சாலை. நின்றிருக்க வேண்டும். வேகம் கூடியது.

முதுகுக்குப் பின்னால், வெறும் பள்ளத்தில், ஏதோ உறுமிக்கொண்டு எழுந்தது. சீட்டு அதிர்ந்தது. பேட்டரி இல்லாத விளக்குகள் எரிந்தன. மழை வெள்ளையாகத் தெரிந்தது. மழைக்கு நடுவே ஒரு முதுகு. நனைந்த வேட்டி. டார்ச்.

"அண்ணாத்த! நவுரு! நவுரு!"

கண்ணாடி இறங்கவில்லை. கதவு திறக்கவில்லை. ஹாரன் இல்லை. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தான். கையோடு வந்தது.

பக்கத்து சீட் ஈரமாக இருந்தது. கவுச்சி மூச்சை அடைத்தது. அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஓரக்கண்ணில் பச்சை நிறம். வளையல் சத்தம்.

"நான் சொல்லிடறேன்க்கா. இப்பவே சொல்லிடறேன். வுட்டுடுக்கா."

வெளிச்சம் பட்டதும் தேசப்பன் திரும்பினார். கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தார். ரஞ்சித்குமாரைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் பார்த்தார். டார்ச் கையிலிருந்து நழுவியது. இத்தனை நாளாக அந்த முகத்தில் யாரும் பார்க்காத சிரிப்பு, குழந்தைச் சிரிப்பு, வாய் முழுக்க விரிந்தது.

"வச்சலா!"

இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, நடுச்சாலையில், காரை நோக்கி அவர் ஓடிவந்தார்.