இழுக்காத நிலா

தரணியின் கைபேசியில் அவள் தோழி சுபஸ்ரீ கும்மி ஆடிக்கொண்டிருந்தாள். ஒல்லியாக, உயரமாக, காற்றில் அசையும் சோளத்தட்டைப் போல.

அது போன வாரம் எடுத்த வீடியோ. இப்போது சுபஸ்ரீயின் வலது கணுக்காலில் கட்டு. நாளை ஆண்டுவிழாவில் அவளால் ஆட முடியாது. வீடியோவையாவது மேடைத் திரையில் போடலாம் என்று பழனியம்மாள் டீச்சர் சொல்லியிருந்தார்.

ஒத்திகையில் போட்டுப் பார்த்தார்கள். தரணி கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் அது. திரையோ அகலம். டீச்சர் படத்தைப் பக்கவாட்டில் இழுத்தார். சுபஸ்ரீ பூசணிக்காய் ஆனாள்.

"ஏ சுபா, ஒரே வாரத்துல அத்தனை சோறும் தின்னுபோட்டயா?" என்றான் உடன் படிக்கும் பிரதீப்.

டீச்சர் இழுக்காமல் பெரிதாக்கினார். தலை தெரிந்தால் பாதம் இல்லை. பாதம் தெரிந்தால் தலை இல்லை.

"வேண்டாமுங்க டீச்சர். போடாதீங்க." சுபஸ்ரீ திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காலை வரைக்கும் பொறுங்க டீச்சர்," என்றாள் தரணி. எப்படிச் சரிசெய்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனாள். அம்மா வேலை செய்யும் பனியன் கம்பெனியிலிருந்து வாங்கி வந்த நீலத் துணிகள் கொடியில் காய்ந்தன. தரணி போட்டிருந்ததும் கம்பெனியில் கழித்துவிட்ட டி-ஷர்ட்தான். அதில் ஒரு வெள்ளை நிலா.

யோசனையோடு டி-ஷர்ட்டை இரண்டு பக்கமும் இழுத்தாள். நிலா முட்டையானது. விட்டாள். மறுபடியும் வட்டம்.

நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு நீலத் துணிகளுக்கு நடுவே நிஜ நிலா எழும்பிக்கொண்டிருந்தது. வானம் எவ்வளவு அகலம்! அதற்காக நிலாவை யாரும் இழுக்கவில்லை.

தரணி கைபேசியைப் படுக்கவைத்துப் பிடித்து, துணிகள் ஆடுவதைப் படமெடுத்தாள்.

"நிலா மேல ஏறீருச்சு கண்ணு. வெறும் துணியையா புடிக்கற?" என்று அம்மா சிரித்தார்.

"நடுவுல நிக்க ஆள் இருக்குதுங்கம்மா."

மறுநாள் அரங்கில் விளக்குகள் அணைந்தன. திரையின் இரு ஓரங்களிலும் தரணி மாடியில் படமெடுத்த நீலத் துணிகள் மெல்ல அலைந்தன. நடுவில், தலைமுதல் பாதம்வரை, ஒல்லியாக, உயரமாக சுபஸ்ரீ ஆடினாள்.

"சுபா, இந்த நீலத் திரையெல்லாம் எந்த மேடையில கட்டியிருந்தாங்க?" என்று பிரதீப் கிசுகிசுத்தான்.

நாற்காலிக்கு அடியில், சுபஸ்ரீயின் கட்டுப் போடாத இடது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.