இன்னொரு தடவை சுடுங்க

“இன்னொரு தடவை சுடுங்க.”

“சுட்டாச்சு! வேகம் சரின்னு உங்க மெஷினே சொல்லுதே... வழி விடுங்க சார்!”

அவள் கத்தியதில் மைதானமே திரும்பிப் பார்த்தது. வாசலில் சாய உருண்டை சுடும் பெயின்ட்பால் துப்பாக்கிகளின் வேகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தவன் மட்டும் அசையவில்லை. தூறல் அவன் இமைகளில் முத்து முத்தாய்... சே, இதையெல்லாம் ஏன் பார்க்கிறேன்?

இன்று அணித் தேர்வு. இடம் கிடைக்காவிட்டால் நாளை முதல் அண்ணன் கடையில் கல்லாப்பெட்டிதான்.

கொஞ்சம் பொறுத்து, “இப்போ சுடுங்க” என்றான். சுட்டாள். வேகம் வரம்பைத் தாண்டிக் குதித்தது.

“பார்த்தீங்களா? விட்டு விட்டுச் சுட்டா எகிறுது. காத்தழுத்தத்தை அடக்குற ரெகுலேட்டர்ல கசிவு இருக்கு. பக்கத்துல நின்னு அடிச்சா தோல் கிழியும்.”

“கடையில இருந்ததுலயே உசத்தியான துப்பாக்கி இது!”

“நீங்க தேர்ந்தெடுத்தது பிரமாதம். உங்க கைக்கே அளவெடுத்த மாதிரி இருக்கு. மேல பளபளன்னு துடைச்சா போதுமா? ரெகுலேட்டரை எப்போ திறந்தீங்க?”

வாங்கியதிலிருந்து... திறக்கவே இல்லை. காது சுட்டது. கோபம் அவன் மேலா, தன் மேலா?

அவன் காற்று சிலிண்டரைக் கழற்றி, மிச்சக் காற்றைச் சுட்டு வெளியேற்றிவிட்டு ரெகுலேட்டரைத் திறந்தான். உள்ளே ரப்பர் சீல் தேய்ந்திருந்தது. தன் பையிலிருந்த அதே மாடல் துப்பாக்கியைப் பிரித்து, அதன் சீலை எடுத்து இதில் பொருத்தினான். இந்த முறை வேகம் அடங்கி நின்றது.

“அப்போ உங்களுக்கு?”

“வாடகைத் துப்பாக்கி இருக்கே. வாசல்ல சோதனை வேலை பார்த்தாலும் நானும் தேர்வுக்கு வந்தவன்தான். உங்க எதிர்ப்பக்கம்.”

“யார் கேட்டா உங்க தர்மத்தை?”

“தர்மமா? உங்களைத் தடுத்துட்டு நான் ஆடினா, சதி பண்ணிட்டான்னு ஊரெல்லாம் தமுக்கடிக்க மாட்டீங்க?”

அடித்திருப்பாள்தான். அதனாலேயே இன்னும் எரிச்சல் வந்தது.

ஆட்டத்தில் மழை வலுத்தது. தடுப்புக்குப் பின்னிருந்து அவன் எழுந்தான்... அவள் சுட்டாள். அவன் நெஞ்சில் ஆரஞ்சுச் சாயம் தெறித்தது.

தேர்வானவர்கள் பட்டியலில் அவள் இருந்தாள். அவன் இல்லை. விடுவிடுவென்று அவனிடம் போனாள்.

“வேணும்னே நின்னீங்களா?”

“ஐயோ தாயே! சாய உருண்டை துப்பாக்கிக் குழலுக்குள்ளயே உடைஞ்சு போச்சு. ஓடலாம்னா நீங்க விட்டாத்தானே?”

“உங்க இடம் போச்சே! உங்க மேல இருக்கிற கோபத்துக்கு...”

அவன் சிரிக்கவில்லை. “வாசல்ல நீங்க முறைச்சப்போ, சோதனையாவது ஒண்ணாவதுன்னு விட்டுடலாம்னு தோணுச்சு. இதுக்கு முன்ன எனக்கு அப்படித் தோணினதே இல்லை... உங்களைப் பிடிச்சிருக்குங்க.”

அவள் வாடகைத் துப்பாக்கியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

“அடுத்த தேர்வு வரைக்கும் தினமும் பயிற்சிக்கு வர்றீங்க. என்கூட. லேட்டா வந்தா தொலைச்சிடுவேன்.”

“இதுக்கு என்னங்க அர்த்தம்?”

“பிடிக்காதவன் மேல எவளாவது இவ்வளவு கோபப்படுவாளா... மக்கு!”